மஞ்சள் கை வைத்த ஸ்வெட்டர்

சிம்டேகா மாவட்டம், ஜார்க்கண்ட்,
அக்டோபர் 20.

அன்புத் தங்கை கர்மேலாவுக்கு அக்கா அல்பினா எழுதுவது. ஜெய் யேசு. உன் போன் நான்கு மாதமாக அணைந்தே கிடக்கிறது. அதனால் டெல்லியில் உன் பழைய விலாசத்துக்கு எழுதுகிறேன்.

இங்கே நெல் கதிர் பிடித்துவிட்டது. இந்த வருடம் யானை இறங்கவில்லை. சிவப்பு ஆடு இரண்டு குட்டி போட்டது. என் மகள் அனிமா இருந்திருந்தால் ஈரம் காய்வதற்குள் பெயர் வைத்திருப்பாள். அவளுடைய ஹாக்கி மட்டை கதவுக்குப் பின்னால் சாய்ந்தபடியே இருக்கிறது. அதை நகர்த்த மனமில்லை, சுற்றித்தான் பெருக்குகிறேன்.

காணாமல் போனது அவள் மட்டும் இல்லை. ஆற்றுக்கு அந்தப் பக்கம் எதெலின் மகள் சுகர்மனி, மலையடியில் மோனிகாவின் மகள் பிலிசிதா. மூன்று ஊர், மூன்று காவல் நிலையம். எல்லாம் ஒரே ஆள் செய்ததாக இருக்குமோ என்று சப்-இன்ஸ்பெக்டரிடம் கேட்டேன். "எல்லாத்தையும் ஒரே கயித்துல கட்டாதம்மா. அது வேற ஸ்டேஷன், இது வேற ஸ்டேஷன். வயசுப் பொண்ணுங்க, எவன்கூடயாச்சும் போயிருக்கும்" என்றார். பதின்மூன்று வயது, கர்மேலா! அவர் வாயில் மண் விழ.

போன செவ்வாய்ச் சந்தையில் தாய்மார் நாங்கள் மூன்று பேரும் உப்புக்காரர் கடை நிழலில் உட்கார்ந்தோம். எதெல் தன் மகளின் படத்தை மடியிலிருந்து எடுத்தாள். "டெல்லியில படிக்க வெக்கிறேன், விண்ணப்பத்துக்குப் படம் வேணும்னு ஒரு பொம்பள வந்தா அக்கா. குளிருதுன்னு தன் ஸ்வெட்டரையே கழட்டிப் புள்ளைக்குப் போட்டுவிட்டுப் படம் எடுத்தா, எனக்கும் ஒண்ணு குடுத்தா. நல்ல பொம்பளைன்னு நம்பிட்டேன்" என்று அழுதாள். மோனிகாவும் தன் மகளின் படத்தை நீட்டி, "எங்க வீட்டுக்கும் வந்தா. வெக்கத்துல போலீசுகிட்ட சொல்லல" என்றாள்.

இரண்டு படத்திலும் பச்சை ஸ்வெட்டர். இடது கை மட்டும் முழங்கைக்குக் கீழே மஞ்சள். போன கிறிஸ்துமஸுக்கு நீ எடுத்த அனிமாவின் படத்திலும் அதேதான்.

உனக்காக நான் பின்னும்போது பச்சை நூல் தீர்ந்துபோய் மஞ்சளில் முடித்தது அது. "ஒரு கை ஸ்கூலுக்குப் போகுது, ஒரு கை கல்யாணத்துக்குப் போகுது" என்று கேலி செய்தாய். ஆனாலும் கழற்றவே மாட்டாய். எனக்கு எவ்வளவு பெருமையாக இருந்தது.

"உங்க வீட்டுக்கும் வந்தாளா அக்கா?" என்று எதெல் கேட்டாள். ஆமாம் என்று தலையாட்டினேன், வந்தவள் என் தங்கை என்று சொல்லவில்லை. அவள் தன் ரொட்டியில் பாதியைப் பிய்த்து என் கையில் வைத்தாள். அதை முந்தானையில் முடிந்துகொண்டேன்.

அனிமாவை மட்டும் அனுப்பிவிடு, யாரிடமும் வாய் திறக்க மாட்டேன் என்று உனக்கு எழுத நினைத்தேன். பொய் சொல்லவில்லை, நிஜமாகவே நினைத்தேன். இரண்டு நாள் அந்த நினைப்போடு கிடந்தேன். என்னால் முடியவில்லை.

நாளை மூவரும் எஸ்.பி.யைப் பார்க்கப் போகிறோம். உன் பெயரைச் சொல்லிவிட்டு, வெளியே வந்துதான் இதைத் தபாலில் போடுவேன். ஓடாதே கர்மேலா. மூன்று பிள்ளைகளும் எந்த வீட்டில், யாரிடம் இருக்கிறார்கள் என்று சொல்லிவிடு. கல்லறைத் திருநாளுக்கு அனிமாவுக்கும் ஒரு மெழுகுவர்த்தி வாங்கச் சொல்கிறார்கள். வாங்க மாட்டேன்.

மாதா உன்னைக் கைவிடாமல் இருக்கட்டும். அங்கே குளிர் தொடங்கியிருக்கும். ஸ்வெட்டர் உன்னிடம்தானே இருக்கிறது, என் பிள்ளைக்குப் போட்டுவிடு.

உன் அக்கா,
அல்பினா