தேன் தின்னி

அன்பு மகளுக்கு,

உன் செக் நாட்டுப் புருஷனின் பெயரை நான் ஒருநாளும் சொன்னதில்லை என்று கோபித்துக்கொண்டு மெல்பேர்னிலேயே இருக்கிறாய். நான் அவித்த பிட்டில் தேனை ஊற்றிச் சாப்பிட்டவனுக்குப் பெயர் ஒரு கேடா என்று அன்றைக்குக் கேட்டேன். இன்றைக்கும் கேட்பேன்.

இங்கே மெரிலேண்ட்ஸ் நூலகத்தில் ஒரு புத்தகம் எடுத்துப் படித்தேன். ரஷ்யர், செக்கர், சேர்பியர் எல்லாரும் கரடிக்குக் கிட்டத்தட்ட ஒரே சொல்லைத்தான் வைத்திருக்கிறார்கள். மெத்வெத். தேன் தின்னி என்று அர்த்தம். உண்மைப் பெயரைச் சொன்னால் கரடி வந்துவிடும் என்று அவர்களுடைய முன்னோர் பயந்தார்களாம். சொல்லாமல் விட்டு விட்டே அந்தப் பெயர் அழிந்துபோனதாம்.

சரிதானா என்று அவனுக்கே போன் எடுத்துக் கேட்டேன்.

"ஓம் அங்கிள், சரி. அப்ப நானும் கரடியோ?" என்றான். தமிழில்! எனக்குச் சிரிப்பில் தேநீர் புரையேறிவிட்டது.

நான் இறங்கி வந்துவிட்டதாக நினைக்காதே. ஆனால் ஒரு பெயர் என்னால் அழிந்தது என்று இருக்கக் கூடாது.

பொங்கலுக்கு ராடெக்கையும் கூட்டிக்கொண்டு வா. பெரிய போத்தலாகத் தேன் வாங்கி வைத்திருக்கிறேன்.

அப்பா