வாயில் நூலை அறுத்தவன் பொருட்டு

மழை பொய்க்காதிருக்க. மதகு உடையாதிருக்க. பெற்றவளும் பிறந்ததும் பிழைத்திருக்க.

பேரேரி நாட்டின் முடியும் அதன் மூன்று மதகுகளின் காவலும் உடைய கோப்பெருநங்கையார், வெண்கோட்டூர் அரண்மனையின் கீழை மண்டபத்தில் அமர்ந்து திருவாய் மொழிந்தருள, தென்மதகு நாட்டுத் தலைவரும், இரண்டு போர்களில் இந்த முடிக்காகக் காயம் பட்டவரும், நீதி தவறாதவர் என்று சென்ற வாரம்வரை இங்கே எண்ணப்பட்டவருமான விழுப்பரையர் ஆதன் கீரனார் காண விடுத்த ஓலை. தங்கள் நாட்டில் பயிரும் பாலும் நலமா, ஏரிக்கரை உறுதியா, தங்கள் முழங்கால் வலி தணிந்ததா என்று அரசியார் கேட்கிறார். முறைக்குக் கேட்க வேண்டியதைக் கேட்டாயிற்று. இனி விஷயம்.

தாங்கள் விடுத்த ஓலை வந்து சேர்ந்தது. சுண்ணாம்புக் காளவாயில் வேலை செய்யும் நக்கன் என்பவன், தன் மனைவி பிள்ளை பெற்ற வீட்டின் வாயில் நூலை அறுத்து உள்ளே புகுந்தான் என்றும், அது முன்னை அரசரின் ஆணையை மீறிய குற்றம் என்றும், ஆகவே அவனை நாடு கடத்தவும், அவனைத் தடுக்காத மருத்துவச்சி உமையாள் இனி எந்த வீட்டிலும் பேறு பார்க்காதபடி விலக்கவும் இசைவு வேண்டும் என்றும் எழுதியிருந்தீர்கள். பெற்றவளின் பெயர் தங்கள் ஓலையில் எங்கும் இல்லை. அவள் பெயர் சேந்தி. அவள் உயிரோடு இருக்கிறாள். அதையும் எழுத மறந்துவிட்டீர்கள்.

நக்கனும் உமையாளும், சேந்தியின் அக்காள் நீலியும், தாங்கள் அந்த வாயிலில் நிறுத்திய காவலன் கூத்தனும் இங்கே அழைக்கப்பட்டு விசாரிக்கப்பட்டனர். அவர்கள் பேசியதைப் பேசியபடியே எழுதுமாறு கட்டளையானது. அவைத் தமிழில் மெருகேற்றினால் தாங்கள் மெருகை மட்டும் பார்த்துவிட்டுப் போய்விடுவீர்கள் என்பது அரசியாரின் எண்ணம்.

இவ்வோலை மற்ற இரு மதகு நாட்டு அவைகளிலும் படிக்கப்படும். அங்கெல்லாம் இல்லாத தங்கள் வழக்கத்தை அவர்களுக்காகச் சொல்ல வேண்டியிருக்கிறது. தென்மதகு நாட்டில் ஒருத்திக்கு இடுப்பு வலி கண்டதும் வீட்டார் அனைவரும் வெளியேற்றப்படுகிறார்கள். காவலன் வந்து நிலைக்கதவின் குறுக்கே மஞ்சள் நூல் கட்டுகிறான். உள்ளே பெறுகிறவளும் மருத்துவச்சியும் மட்டும். மூன்றாம் நாள் விடியலில் காவலனே நூலை அறுக்கும்வரை உள்ளே ஆள் போகக்கூடாது. உள்ளிருந்து சொல் வந்தாலும் வெளியிலிருந்து மறுசொல் போகக்கூடாது.

நக்கன் இந்த வழக்கத்துக்கு அடங்காதவன் அல்லன். இரண்டு ஆண்டுகளுக்கு முன் சேந்திக்கு முதல் பேறு வந்தபோது, சொன்ன இடத்தில் சொன்னபடி உட்கார்ந்திருந்தான். வேலிக்கு வெளியே, வேப்பமரத்தடியில், கார்த்திகை மாதத்துச் சாரலில். முதல் நாள் நடுப்பகலில் பிள்ளை அழும் சத்தம் கேட்டது. எழுந்து நின்றான். காவலன் கையைக் காட்டினான். உட்கார்ந்தான். மாலைக்குள் அந்த அழுகை மெலிந்து நின்றது. தூங்குகிறது என்று நினைத்துக்கொண்டான். மூன்றாம் நாள் நூல் அறுபட்டதும் தலைவாழை இலையும் தேனும் எடுத்துக்கொண்டு உள்ளே போனான். மருத்துவச்சியின் காலடியில் ஒரு துணிச்சுருள் இருந்தது. மயங்கி மயங்கி விழுந்துகொண்டிருந்த தாயைப் பிழைக்கவைக்கவே உமையாளின் இரண்டு கையும் போதவில்லை. ஈரத்தோடு பிறந்த பிள்ளையை அணைத்துச் சூடேற்ற மூன்றாவது ஆள் அங்கே இல்லை.

இதைச் சொல்லும்போது நக்கன் அழவில்லை. தன் கையையே பார்த்துக்கொண்டு சொன்னான்.

"நான் காளவாய்க்காரன், தேவி. நாள் முழுக்க நெருப்போடதான் கெடக்கேன். எம்புள்ள குளிர்ல விறைச்சுச் செத்துருக்கு. நான் வெளிய உக்காந்து வெத்தல போட்டுக்கிட்டு இருந்திருக்கேன்."

இரண்டாம் முறை சேந்தி சூலுற்றபோது, ஏழாம் மாதத்திலேயே சொல்லிவிட்டாள். தன் அக்காளும் தன் கணவனும் உடனிருக்க வேண்டும், இல்லையேல் பெறமாட்டேன் என்று. நீலிக்கு வாய் கொஞ்சம் நீளம். "பெறமாட்டேன்னா என்னடி பண்ணுவ, வயித்துலயே வெச்சுக் கல்யாணம் பண்ணிக் குடுப்பியா" என்று கேட்டாளாம். கேட்டுவிட்டு, தன் மாட்டையும் பிள்ளைகளையும் மாமியாரிடம் விட்டுவிட்டு, ஒன்பதாம் மாதம் பிறந்ததுமே தங்கை வீட்டுக்கு வந்து சேர்ந்தாள். வலி எடுக்கும்போது இடுப்பின் எந்த இடத்தில் அழுத்தினால் தங்கைக்கு மூச்சு திரும்புகிறது என்று உமையாளிடம் கேட்டுப் பழகிக்கொண்டாள். நக்கன் கொட்டகையில் காய்ந்த விறகும் பழந்துணியும் சேர்த்துவைத்தான். வெந்நீருக்கு எந்தப் பானை, பிள்ளையைத் துடைக்க எந்தத் துணி என்று உமையாள் ஒவ்வொன்றாகக் காட்டிக்கொடுத்தாள். மூவரும் சேந்தியும் சேர்ந்து இந்தப் பேற்றுக்கு ஆயத்தமானார்கள். தங்கள் அவை ஆயத்தம் செய்தது ஒரு முழம் நூல்.

வலி கண்ட அன்று சூரியன் எழும்போதே கூத்தன் வந்துவிட்டான். அவன் நக்கனுக்குத் தாய்மாமன் மகன். முறைவைத்துப் பேசித்தான் எல்லாரையும் வெளியே தள்ளினான். உச்சிப்பொழுதில் உள்ளேயிருந்து உமையாளின் குரல் வந்தது. அதை நால்வரும் ஒரே மாதிரி சொன்னார்கள்.

"புள்ள வந்துருச்சு, அழ மாட்டேங்குது. இவளுக்கு ரத்தம் நிக்கல. எனக்கு ரெண்டு கைதான் இருக்கு. யாராச்சும் உள்ள வாங்க."

நக்கன் எழுந்தான். கூத்தன் வேல்கம்பைக் குறுக்கே வைத்தான்.

"மச்சான், தொட்டுறாத. என் தலை போயிரும்."

"போகட்டும். அப்புறமா தேடி எடுத்துக்கலாம்."

அவ்வளவுதான் நடந்த பேச்சு. நக்கன் கூத்தனை அடிக்கவில்லை. அடித்தான் என்று தாங்கள் எழுதியது பொய். நூலை எதனால் அறுத்தாய் என்று அரசியார் கேட்டபோது அவன் சொன்ன விடையைத் தங்கள் அவையில் இருமுறை படிக்கச் சொல்லுங்கள்.

"வெரலாலதான், தேவி. வெறும் நூலு. ரெண்டு வருசத்துக்கு முன்னாடி இது எனக்குத் தெரியல."

பின்னாலேயே நீலியும் நுழைந்தாள். பிள்ளையை வாங்கித் துடைத்து முதுகைத் தேய்த்தாள். அது அழுதது. நக்கனின் வெற்று மார்பில் அதைக் கிடத்தி மேலே துணி போர்த்தினாள். காளவாய்ச் சூட்டில் கறுத்துப்போன அந்த மார்பில் அது ஒட்டிக்கொண்டு கிடந்தது. கை இரண்டும் விடுபட்ட உமையாள் சேந்தியின் அடிவயிற்றைப் பிசைந்தாள். நீலி தங்கையின் தலையை மடியில் தாங்கி, கண்ணை மூடவிடாமல் பெயர் சொல்லிச் சொல்லிக் கூப்பிட்டு, கஞ்சித்தண்ணீர் புகட்டினாள். பிறகு பிள்ளையைத் தாயின் மார்பில் சேர்த்தார்கள். அது பால் குடிக்கக் குடிக்கக் கருப்பை இறுகிற்று. ரத்தம் நின்றது. பெண் குழந்தை.

இந்த நேரத்தில் தங்கள் காவலன் ஊதுகொம்பு ஊதி ஊரைக் கூட்டிக்கொண்டிருந்தான். உள்ளே போய் ஒரு குடம் தண்ணீராவது தூக்கியிருக்கலாமே என்று அரசியார் கேட்டார். கூத்தன் தலைகுனிந்து நின்றான். "நூல் கட்டக் கத்துக்குடுத்தாங்க, தேவி. மூணாம் நாள் அறுக்கக் கத்துக்குடுத்தாங்க. நடுவுல என்ன செய்யணும்னு யாரும் சொல்லல" என்றான். அவன்மேல் அரசியாருக்குச் சினம் இல்லை. அவனுக்குச் சொல்லிக்கொடுத்தவர்கள்மேல் உண்டு.

உமையாள் முப்பது ஆண்டுகளாக ஆற்றின் இரு கரையிலும் பேறு பார்ப்பவள். எதிர்க்கரையான வடமதகு நாட்டில் நூல் இல்லை. அவள் சொன்னது இது.

"அந்தக் கரையில பெறுறவளுக்கு யார் வேணுமோ அவங்க இருப்பாங்க. ஒருத்தி முதுகைப் பிடிப்பா, ஒருத்தி அடுப்பைப் பார்ப்பா, புருசன் கையைக் குடுத்துக் கடி வாங்குவான். நான் என் வேலையை மட்டும் பார்ப்பேன். அவ பயப்படாம இருக்கறதால வலியும் நீளாது. ஏதும் தப்பா போனா என்ன செய்யலாம்னு அவங்களையும் கேட்டுத்தான் செய்வேன். இந்தக் கரையில மருத்துவச்சியும் நான், தாயும் நான், புருசனும் நான், சுள்ளி பொறுக்கறவளும் நான். வீட்டு ஆளுங்க இருந்தா எல்லாரும் பொழைச்சுருவாங்கன்னு நான் பொய் சொல்லமாட்டேன். சாகுற புள்ளையாச்சும் ஒருத்தர் கையில கெடந்து சாகும்."

இனி, தாங்கள் தலைமேல் வைத்திருக்கும் ஆணைக்கு வருவோம். சான்றாகக் காட்டவேண்டி, முன்னை அரசரின் மூல ஓலையையே பட்டுத்துணியில் சுற்றித் தூதர் கையில் அனுப்பியிருந்தீர்கள். நல்ல காரியம் செய்தீர்கள். காய்ச்சல் ஆண்டில் எழுதப்பட்ட அவ்வோலையைத் தங்கள் அவையில் ஆண்டுதோறும் பீடத்தில் வைத்து, மஞ்சளும் சந்தனமும் பூசி, விழுந்து வணங்கி வந்திருக்கிறார்கள். நாற்பத்தொரு ஆண்டுப் பூச்சு விரல்நகக் கனத்துக்கு ஏறி இறுகிக் கிடக்கிறது. கீழ்விளிம்பில் 'நுழையற்க' என்ற ஒரு சொல் மட்டும் வெளியே தெரிகிறது. அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு ஒரு நாட்டையே வேப்பமரத்தடியில் உட்காரவைத்திருக்கிறீர்கள்.

அரசியார் ஒரு செம்பில் வெந்நீர் கொண்டுவரச் சொல்லி, தம் கையாலேயே அவ்வோலையைக் கழுவினார். தங்கள் தூதர் கண்ணை மூடிக்கொண்டார். எழுத்தாணிக் கீறல் தண்ணீருக்குப் போகாது என்பது தங்களுக்குத் தெரியும். உள்ளே இருந்தது இது:

'காய்ச்சல் பரவும் இக்காலத்து, பிள்ளை பெறும் வீட்டினுள் அவ்வீட்டுப் பானையில் உண்பாரும், பெறுவாளால் பெயர் சொல்லி வேண்டப்படுவாரும் அவளோடு இருந்து அவளைக் காக்க. வெளியூராரும், வரி கேட்பாரும், அரசன் ஏவிய காவலரும் அவ்வாயிலை அணுகற்க, நுழையற்க.'

அரண்மனைச் சுவடியிலுள்ள படியும் எழுத்துக்கு எழுத்து இதுவே. ஆணையை மீறியவர் யார் என்பதை இனி அரசியார் சொல்லவேண்டியதில்லை. நக்கன் அதை அறியாமலே நிறைவேற்றினான். தாங்கள் அதை வணங்கிக்கொண்டே மீறினீர்கள். அவனுடைய முதல் பிள்ளையைக் கொன்றது நோய் அன்று, விதி அன்று. படிக்காமல் பூசிய சந்தனம்.

ஆகவே கட்டளை. நக்கன் தன் ஊரில் தன் வீட்டில் இருப்பான். உமையாள் தன் தொழிலைச் செய்வாள். தென்மதகு நாட்டில் இனி எந்த நிலைக்கதவிலும் நூல் கட்டலாகாது. பெறுகிறவள் யாரை வேண்டுகிறாளோ அவர் உடனிருக்க, வேண்டாதவர் விலகி நிற்க. மருத்துவச்சி அவர்களைக் கையாளாகவும் கலந்துபேசத் தக்கவராகவும் கொள்க. காவலரில் எவனாவது பேறு நடக்கும் வீட்டுப் பக்கம் போனால் தண்ணீர்க் குடத்தோடு போகட்டும், வேலோடு போகவேண்டாம். கழுவிய மூல ஓலையைத் தூதர் கொண்டுவருகிறார். அதை அவை நடுவே, நக்கனை எதிரில் அமர்த்தி, தாங்களே உரக்கப் படிக்க வேண்டும்.

இன்னொன்று. தங்கள் ஓலையின் முடிவில், மகள் தலைப்பேற்றுக்குத் தாய்வீடு வந்திருக்கிறாள், அரசியாரின் வாழ்த்து வேண்டும் என்று மகிழ்ந்து எழுதியிருந்தீர்கள். வாழ்த்து உண்டு. அந்த வாயிலில் நூல் கட்டவும் கூத்தனுக்கே பணி குறித்திருப்பதாக அவன் சொன்னான். அவனை இங்கேயே நிறுத்திக்கொண்டோம். தாங்கள் இன்றே மகளிடம் போய், உடன் யார் இருக்கவேண்டும் என்று கேளுங்கள். தாங்கள் சொல்லிக்கொடுக்காமல் அவளே சொல்லும் பெயர்களை எழுதி, இந்தத் தூதர் திரும்புகையில் கொடுத்தனுப்புங்கள். அதில் தங்கள் பெயர் இல்லையென்றால் வெளியே நின்று விறகு பிளந்து கொடுங்கள். இருந்தால், கையைக் கழுவிக்கொண்டு உள்ளே போங்கள்.

இது அரசியார் சொல்லக் கேட்டு, ஒரு சொல்லும் குறைக்காமல் ஓலைநாயகம் மாறன் சாத்தன் எழுத்து. மும்மதகு முத்திரை இடப்பட்டது.

இவ்வோலைக்குச் சந்தனம் பூசற்க. படிக்க.