நடுக்கூடத்தில் நன்றியுரை

அன்புள்ள மகள் டோரீனுக்கு,

கர்த்தர் கிருபையால் நானும் அப்பாவும் சுகமாயிருக்கிறோம், அங்கே டப்ளின் குளிரில் உனக்கு ஒன்றும் வராமலிருக்க இரண்டு வேளையும் ஜெபிக்கிறோம். ஸ்ரீராம்புரத்தில் மூன்று நாளாக மழை, அப்பாவுக்கு முழங்கால் வலி, வேறு குறையில்லை. ஃபோனில் பேசினால் அப்பா நடுவில் பிடுங்கி, விட்டுடு பிரிஸில்லா என்பார், அதனால் எழுதுகிறேன். உன் கல்யாண ரிசப்ஷனுக்கு அந்த ஹோட்டலைப் பிடித்திருக்கிறாய் என்றதும் வேண்டாம் என்று சொல்ல வந்தேன். அம்மா வேலை செய்த இடத்தில் அம்மா ராணி மாதிரி நடக்கணும் என்று நீ ஆசையாய்ச் சொன்னதால் வாயை மூடிக்கொண்டேன்.

ஏட்ரியம் என்று நீ சொல்கிறாயே, அந்த நடுக்கூடத்தைச் சுற்றித்தான் பதினோரு மாடியும். ஏழாம் மாடியைப் பதினான்கு வருஷம் துடைத்தவள் நான், மேலேயிருந்து பார்த்ததோடு சரி, கடைசி நாள் வரை நடுவில் கால் வைத்ததில்லை, எங்களுக்கெல்லாம் சுவரோரமாய்ப் பின்வாசல்தான். சேர்ந்த அன்றைக்கே தோட்டவேலை கிருஷ்ணப்பா, பாவி தாட்டபேடம்மா என்றார், என்னைப் பாவி என்கிறாரே என்று இரண்டு நாள் அவர் முகத்தில் விழிக்கவில்லை, பிறகுதான் தெரிந்தது கன்னடத்தில் பாவி என்றால் கிணறாம், அந்தக் கூடத்துக்கு அங்கே அதுதான் பேராம், அதைக் குறுக்கே தாண்டாதே என்றுதான் சொன்னாராம். நீ ஒன்பதாவது படிக்கும்போது உடம்பு முடியவில்லை, வேலையை விட்டுவிட்டேன் என்றேனே, அது பொய். தங்க வந்தவர்களின் பிள்ளை ஒன்று ஏழாம் மாடியிலிருந்து பூஜாடியைத் தள்ளிவிட்டது, நல்லவேளை யார் மேலும் விழவில்லை. சூப்பர்வைசர் ராகேஷ் பழியை என் மேல் போட்டு, என்னைக் கீழே கூப்பிட்டுக் கூடத்தின் நடுவில் நிறுத்தி, காலையிலேயே குடித்துவிட்டு வந்தாயா, கோலார் தங்கவயல் ஆட்களே இப்படித்தான் என்றான். அங்கே சாதாரணமாகப் பேசினாலே பதினோரு மாடிக்கும் கேட்கும், அவன் கத்தினான். மாடிக்கு மாடி ஆட்கள் வந்து எட்டிப் பார்த்தார்கள். கழுத்திலிருந்த அட்டையை அங்கேயே கழற்ற வைத்தான், நான் தரையைப் பார்த்தபடியே வெளியே வந்தேன்.

போன செவ்வாய்க்கிழமை மேடை அளவு பார்க்கப் போனேன். ராகேஷ் இப்போது பெரிய மேனேஜர், தலை நரைத்திருக்கிறது. மெட்ரோவில் போகும்போதே அவனைக் கேட்க வேண்டியதையெல்லாம் மனப்பாடம் பண்ணி வைத்திருந்தேன். அவனோ வாங்க மேடம் என்று கும்பிட்டு என்னைக் கூடத்தின் நடுவுக்கே கூட்டிப்போனான். அவனுக்கு என்னைத் தெரியவே இல்லை. அண்ணாந்து பார்த்தேன் டோரீன், அடுக்கடுக்காய் மாடிகள், கைப்பிடிகளிலிருந்து கொடி தொங்குகிறது, கண்ணாடிக் கூரையிலிருந்து வெளிச்சம் இறங்குகிறது. கேட்க வந்ததெல்லாம் மறந்துவிட்டது. கட்டினவன் நன்றாயிருக்கட்டும், அந்தக் கூடத்தை என்னால் வெறுக்க முடியவில்லை. அது அழகாயிருந்ததே எனக்கு இன்னும் ஆத்திரம்.

அதனால் ஹோட்டலை மாற்றாதே, தேதியையும் மாற்றாதே. கேக் வெட்டினதும் பெண் வீட்டு நன்றியுரை அப்பா சொல்வதாக இருந்ததே, அதை நான் சொல்கிறேன். ராகேஷை மேடைக்கே கூப்பிட்டுப் பேர் சொல்லி நன்றி சொல்வேன், எங்களுக்கு எப்படிப் பழக்கம் என்றும் சொல்வேன், அவன் அன்றைக்குக் கேட்டதை ஒரு வார்த்தை விடாமல் சொல்வேன். எனக்கு மைக் வேண்டாம். மன்னிப்பதுதான் நமக்கு அழகு என்று பாஸ்டர் மூலமாகச் சொல்ல வைக்கிறார் அப்பா, மன்னிப்பதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

கிருஷ்ணப்பாவுக்குப் பத்திரிகை அனுப்ப மறக்காதே. வேளைக்குச் சாப்பிடு. இன்னொன்றும் சொல்லணும். சம்பந்தியம்மா ஃபோனில், நீங்கள் ஹோட்டல் நிர்வாகத்தில் இருந்தீர்களாமே என்று கேட்டார்கள். யார் சொல்லியிருப்பார்கள் என்று எனக்குத் தெரியும், ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. அந்த நாளுக்கு முன்னால் நீயே அவர்களிடம் உண்மையைச் சொல்லிவிடு. அவர்கள் அதை என் வாயால் கேட்டால், ராகேஷோடு சேர்ந்து நீயும் தரையைப் பார்க்க வேண்டியிருக்கும்.

கர்த்தர் உன்னையும் மாப்பிள்ளையையும் ஆசீர்வதித்துக் காப்பாராக.

இப்படிக்கு,
உன் அம்மா
பிரிஸில்லா