உங்களுக்கு அண்ணன் இல்லை என்று சொல்லுங்கள்

மசாகா,
4 நவம்பர் 1978, சனிக்கிழமை இரவு

அன்புள்ள அத்தைக்கு,

மண்டியிட்டு வணங்கி உங்கள் அண்ணன் மகள் நக்கிட்டோ எழுதுவது. இதை யாரிடமும் காட்டாதீர்கள். ருவேகசீரா மாமாவிடம்கூட வேண்டாம். படித்ததும் அடுப்பில் போட்டுவிடுங்கள். இப்படி ஒரு கடிதம் எழுதுவது அப்பாவுக்கும் தெரியாது.

நாங்கள் உயிரோடு இருக்கிறோம். சர்க்கரையும் சோப்பும் கிடைப்பதில்லை. பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார் மூன்று வாரமாக வரவில்லை. எங்கே என்று யாரும் கேட்பதில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். அப்பா ராணுவ முகாமுக்குச் சீருடை தைப்பது உங்களுக்குத் தெரியும். ஒரு நாள் அவருக்கு உடம்பு சரியில்லை என்று மூட்டையை நான் கொண்டுபோனேன். அங்கே ஒரு கேப்டன் என் பெயரைக் கேட்டார். செப்டம்பர் கடைசியில் ஒரு மூட்டை சர்க்கரையும் ஆடும் லாரியில் வந்து இறங்கின. பெண் கேட்டு வந்திருந்தார். வீட்டில் ஏற்கெனவே இரண்டு மனைவிகள். எனக்குப் பதினைந்து வயது என்று அம்மா சொன்னாள். "அதனாலென்ன, வளர்ந்துடுவா" என்று சிரித்தாராம்.

முடியாது என்று யார் சொல்வது? அப்பா யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தார். எங்கள் வழக்கப்படி பெண்ணின் அத்தை வந்து, இவர்தான் மாப்பிள்ளை என்று சபையில் கைகாட்டினால்தான் கல்யாணம்; என் தங்கை டான்சானியாவில் வாழ்க்கைப்பட்டிருக்கிறாள், எல்லையை மூடியிருக்கிறார்கள், திறக்கட்டும் என்றார். கேப்டனும் தலையாட்டினார். எந்த ஊர், யார் வீடு என்று சும்மா பேச்சுக்குக் கேட்பதுபோலக் கேட்டார். தப்பித்தோம் என்ற சந்தோஷத்தில் அப்பா எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். ஊர் பெயர், மாமா பெயர், காப்பித் தோட்டத்தை ஒட்டிய நீலக் கதவு வரைக்கும். "எல்லைதானே மாமா இடைஞ்சல்?" என்று அப்பாவிடம் சொல்லிவிட்டுக் கேப்டன் போனார்.

முகாமில் சிப்பாய்கள் ஒருவரையொருவர் சுட்டுக்கொண்டார்கள் என்று ஊரெல்லாம் முணுமுணுப்பு. ஓடியவர்களைத் துரத்திக்கொண்டு உங்கள் பக்கம் நுழைந்தார்களாம். ரேடியோவில் நீங்கள்தான் எங்கள்மேல் படையெடுத்ததாகச் சொன்னார்கள். புதன்கிழமை, உங்கள் ஊரைத் தாண்டி ஓடும் ஆறு வரைக்கும் இனி நம் நாடு என்று அறிவித்து நாள் முழுக்க வாத்தியம் வாசித்தார்கள். பள்ளிக்கூடத்தில் எங்களைக் கைதட்டச் சொன்னார்கள். நானும் தட்டினேன் அத்தை. என்னை மன்னித்துவிடுங்கள்.

சில நேரம், என்னால்தான் இந்தச் சண்டை வந்ததோ என்று தோன்றுகிறது. அம்மாவிடம் சொன்னேன். "ஆமாண்டி, நீ பெரிய மகாராணி, உனக்காக நாடு பிடிக்கிறாங்க" என்று தலையில் குட்டினாள். பிறகு அவளே அழுதாள்.

உங்கள் பக்கத்தில் கொள்ளையடித்ததெல்லாம் லாரி லாரியாக வருகிறது. தகரக் கூரைகள், தையல் மெஷின்கள், மாடுகள். மாடு மலிவாகக் கிடைக்கிறது என்று பக்கத்து வீட்டில் வாங்கிவிட்டார்கள். லாரி போகும்போதெல்லாம் நீலக் கதவு இருக்கிறதா என்று பார்க்கிறேன்.

நேற்றுக் கேப்டன் வந்தார். இனி எல்லையே இல்லை, உங்கள் தங்கையை நானே வண்டியில் கூட்டிவருகிறேன், அடுத்த வாரம் ஞாயிற்றுக்கிழமை கல்யாணம் என்றார். கல்யாணத்துக்கு வெள்ளை அங்கி தைக்கவேண்டும், அளவெடுங்கள் என்று கையை விரித்து நின்றார். அப்பா அளவெடுத்தார். அளவு நாடா இரண்டு தடவை நழுவிக் கீழே விழுந்தது. "என்ன மாமா, எனக்கே பயப்படுறீங்க, நாளைக்கு எதிரி வந்தா என்ன பண்ணுவீங்க?" என்று கூட வந்த சிப்பாய்களைப் பார்த்துக் கண்ணடித்தார். நேற்றிலிருந்து அப்பா சாப்பிடவில்லை. வாழைக்காய் மசியலை இலையோடு மூடி வைத்தால் அப்படியே இருக்கிறது.

உன்னைப் பெண் கேட்டு வர்றவனின் செருப்பைப் பார்த்துத்தான் உள்ளே விடுவேன் என்று என்னிடம் முன்பு வேடிக்கை பேசுவீர்களே. வேடிக்கையில்லை அத்தை. நீங்கள் இங்கே வந்து நின்றால் எனக்கு வேறு வழி இல்லை. கைகாட்டு என்று துப்பாக்கியோடு சொன்னால் நீங்கள் காட்டித்தான் ஆகவேண்டும். அதற்காக உங்களை நான் கோபித்துக்கொள்ளவும் முடியாது.

அதனால் உடனே வீட்டை விட்டுப் போய்விடுங்கள். பாலத்தைத் தகர்த்துவிட்டார்களாம். படகு கிடைத்தால் ஆற்றைத் தாண்டிவிடுங்கள். கிடைக்காவிட்டால் காட்டுக்குள் இருங்கள். யாராவது பிடித்துக் கேட்டால், மசாகாவில் எனக்கு யாரும் இல்லை, எனக்கு அண்ணனே கிடையாது என்று சொல்லுங்கள். அப்பா பெயரை வாயில் எடுக்காதீர்கள். இதைச் சொல்லச் சொல்வது எவ்வளவு பெரிய பாவம் என்று எனக்குத் தெரியும். பாவம் எனக்கே வரட்டும்.

எல்லை தாண்டிக் காப்பி கடத்துகிற கயோண்டோ விடியும்முன் சைக்கிளில் வருவார். அவர் கையில் இதைக் கொடுக்கிறேன். கடவுள் உங்களை எங்கள் கண்ணில் படாமல் காப்பா

அத்தை, கதவைத் தட்டுகிறார்கள். சைக்கிள் இல்லை, லாரி. எஞ்சினை நிறுத்தவில்லை. அப்பா விளக்கை எடுக்கிறார். வெளியே ஒரு பெண் குரல் "அண்ணா, நான்தான், திற" என்று