நாற்பத்து மூன்றாம் பக்கத்து லேபிள்கள்

ஜனவரி 12

அன்புள்ள வாலுவுக்கு,

எல்லோரும் நலம். அம்மாவின் முழங்கால் வலியும் அப்பாவின் வாயும் வழக்கம்போல. உன் ஆராய்ச்சிக் கட்டுரையை ஏற்றுக்கொண்டார்கள் என்று நீ போனில் சொன்னதிலிருந்து அவரைப் பிடிக்க முடியவில்லை. மின்கணக்கு எடுக்க வந்தவரை நிறுத்தி வைத்து, "என் சின்னப் பொண்ணு கிட்னியைக் காப்பாத்த வழி கண்டுபிடிச்சிருக்கா" என்றார். அவர், "யாருக்கு சார் கிட்னி போச்சு?" என்று கவலையோடு விசாரித்துவிட்டுப் போனார்.

வாழ்த்து எழுதத்தான் உட்கார்ந்தேன். பொய் எழுத வரவில்லை. எனக்கு வயிறு எரிகிறது. அதே ஆய்வுக்கூடம், அதே ஜன்னலோர மேசை, அதே சிறுநீரகச் செல்கள். ஒன்பது வருஷத்துக்கு முன் அங்கே முட்டி மோதிவிட்டு வெறுங்கையோடு வெளியே வந்தவள் நான். இப்போது ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ் குழாய் மாட்டிக் கழற்றிக்கொண்டிருக்கிறேன். நீ போய் உட்கார்ந்ததும் உனக்குக் கொட்டுகிறது.

அப்படி என்னதான் கண்டுபிடித்தாய்? விவரமாக எழுது. நானும் ஒரு காலத்தில் படித்தவள்தான்.

அன்புடன் (அதுவும் இருக்கிறது),
அக்கா

ஜனவரி 25

அன்பு அக்காவுக்கு,

உன் வயிற்றெரிச்சல் பத்திரமாக வந்து சேர்ந்தது.

உடம்புக்குள் ஆபத்து என்று செய்தி பரப்புகிற அந்தப் புரதத்தை உனக்கு நன்றாகத் தெரியும். அழற்சியை மூட்டிவிடுவதே அதுதான், அதை எடுத்துவிட்டால் செல்கள் பிழைத்துக்கொள்ளும் என்றுதானே நாமெல்லாம் படித்தோம். சிறுநீரகச் செல்லுக்குள் அது வேறு வேலையும் பார்க்கிறது. அழற்சியை அளவோடு நிறுத்தி, அடிபட்ட செல் சாகாமல் தாங்கிப் பிடிக்கிறது. அதை எடுத்துவிட்டுச் செல்களுக்கு நச்சு மருந்து கொடுத்தால் அவைதான் முதலில் சாகின்றன. மூன்று வருஷமாகத் திரும்பத் திரும்பச் செய்து பார்த்துவிட்டோம்.

அப்பா என்னைப் பற்றி ஊரெல்லாம் பேசுவது இதுதான் முதல் தடவை. அதையாவது கொஞ்ச நாள் எனக்கு விட்டுக்கொடேன்.

உன்
வாலு

பிப்ரவரி 6

வாலு,

உன் கடிதத்தை டயாலிசிஸ் அறைக்கு வெளியே நின்று படித்தேன். 'அவைதான் முதலில் சாகின்றன' என்ற வரிக்குப் பிறகு வேலை ஓடவில்லை.

நான் அதைப் பார்த்திருக்கிறேன். ஒரு வெள்ளிக்கிழமை. ஒரு தட்டில் புரதம் உள்ள செல்கள், இன்னொன்றில் இல்லாதவை, இரண்டுக்கும் அதே நச்சு மருந்து. இல்லாதவைதான் கொத்துக் கொத்தாகச் செத்துக் கிடந்தன. அப்படி நடக்க வழியே இல்லை, லேபிளை நான்தான் மாற்றி ஒட்டித் தொலைத்துவிட்டேன் என்று முடிவு கட்டினேன். இரண்டையும் உரித்து, இடம் மாற்றி ஒட்டி, நோட்டில் எழுதியதையும் அடித்துத் திருத்தினேன். அடுத்த முறையும் தலைகீழாகவே வந்தது. ஆய்வுக்கூடத் தலைவர் கூப்பிட்டு, "உனக்குக் கவனம் பத்தாதும்மா. இந்த வேலைக்கு நீ சரிப்பட மாட்டே" என்றார்.

நானும் நம்பினேன். இன்றைக்கும் வீட்டைப் பூட்டிவிட்டுப் பூட்டை மூன்று தடவை இழுத்துப் பார்க்கிறேன். குழாய் மாட்டினால் பக்கத்தில் இருப்பவளைக் கூப்பிட்டு, "சரியா இருக்கான்னு பாரேன்" என்கிறேன்.

பழைய நோட்டுகளை அங்கே தூக்கிப் போடமாட்டார்கள். என் நோட்டில் நாற்பத்து மூன்றாம் பக்கம். நீ அதைப் பார்த்தாயா? சுற்றி வளைக்காமல் எழுது.

அக்கா

பிப்ரவரி 19

அக்கா,

பார்த்தேன்.

நான் சேர்ந்த முதல் மாதம் அலமாரியை ஒழித்தபோது கிடைத்தது. உன் கையெழுத்து, அடித்த வரி, திருத்திய வரி. வீட்டில் உப்பு டப்பாவுக்கும் சர்க்கரை டப்பாவுக்கும் பெயர் எழுதி ஒட்டி வைத்தவள் நீ. நீ லேபிளை மாற்றி ஒட்டுகிற ஆள் இல்லை. அதனால் நீ திருத்தி எழுதியதை நம்பவில்லை, அடித்ததை நம்பினேன். என் ஆராய்ச்சி அந்த வரியில்தான் ஆரம்பித்தது.

அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் இதுவும் உன்னுடையதாகிவிடும் என்று பயந்தேன். உன் சட்டை, உன் சைக்கிள், உன் புத்தகம் என்று பிறந்ததிலிருந்து நீ கழித்துப் போட்டதைத்தான் எனக்குக் கொடுத்தார்கள். ஒன்றே ஒன்றாவது புதிதாக என்னுடையதாக இருக்கட்டும் என்று நினைத்தேன். உனக்கு இப்போதுதான் வயிறு எரிகிறது. எனக்கு எப்போதுமே எரிந்தது.

நேற்று நோட்டைத் தலைவரிடம் காட்டினேன். அடித்த வரியை விரல் வைத்துப் படித்தார். பிறகு, "கட்டுரையில உங்க அக்கா பேரையும் போடணும்" என்றார். அச்சுக்குப் போவதற்கு முன் உன் சம்மதம் வேண்டும். படிவமும் நோட்டும் இத்துடன். கையெழுத்துப் போடாவிட்டாலும் பரவாயில்லை, திட்டியாவது நாலு வரி எழுது.

வாலு

மார்ச் 4

அன்புள்ள வாலுவுக்கு,

படிவம் ஒரு வாரம் மேசைமேல் கிடந்தது. அம்மா அதன்மேல் மாத்திரை டப்பாவை வைத்திருந்தாள்.

நோட்டைப் பிரித்தேன். அடித்த வரிக்குப் பக்கத்தில் பென்சிலால் 'அக்கா செய்தது சரிதான்' என்று எழுதித் தேதியும் போட்டிருக்கிறாய். மூன்று வருஷத்துக்கு முந்தைய தேதி. அதற்குப் பிறகு நான்கு தடவை வீட்டுக்கு வந்தாய். நான் பூட்டை இழுத்துப் பார்ப்பதைப் பார்த்து, "போதும்க்கா, கையோட வந்துடப் போகுது" என்று சிரித்தாய். பென்சிலால் எழுதியதை அப்போது வாயால் சொல்லியிருக்கலாம். உன் பொறாமை எனக்குப் புரிகிறது, என்னிடமும் அதே சரக்குதான் இருக்கிறது. அந்தச் சிரிப்பைத்தான் இன்னும் மன்னிக்க முடியவில்லை.

கையெழுத்துப் போட்டிருக்கிறேன். பெருந்தன்மை என்று நினைத்துவிடாதே. எனக்கு அது வேண்டும், ஆசையாக இருக்கிறது. என் பெயர் உன் பெயருக்குப் பின்னால் வரட்டும். கண்ணால் பார்த்தது நான் என்றாலும் நம்பியது நீதான். நீ போட்ட சட்டையை ஒரு தடவை நானும் போட்டுப் பார்க்கிறேன்.

நோட்டைத் திருப்பி அனுப்ப மாட்டேன். கேட்காதே.

இந்தக் கடிதத்தைத் தபாலில் சேர்க்கக் கிளம்பும்போது வீட்டைப் பூட்டினேன். ஒரு தடவைதான் இழுத்துப் பார்த்தேன். தெருமுனை வந்ததும் கால் தானாக நின்றது. வீட்டுக்குத் திரும்பிப் போகவில்லை. தபால் நிலையத்தில் உட்கார்ந்து இந்தக் கடைசி வரிகளைச் சேர்த்திருக்கிறேன்.

அக்கா