நான் நிமிராத நாள்

ஐப்பசி 2, வெள்ளி

விடிந்ததிலிருந்து தூறல். விறகு ஈரம், அடுப்பு பிடிக்கவில்லை. செல்வி போய் இன்றோடு இருபத்தோரு நாள்.

வாங்க வேண்டியது: மண்ணெண்ணெய், உப்பு, வெற்றிலை. கூரைக்குக் கீற்று நாலு.

கூலிக்காரர் சங்கத்து அண்ணன் வந்தார். தாளடி, இரண்டாம் போக நடவுக்கு முன்னால் கூலி, மனைக்கட்டு பற்றிப் பண்ணையோடு பேச்சுவார்த்தை. பெண்கள் பக்கம் நான் பேச வேண்டுமாம்.

"ஒங்கள மாதிரி யாரும்மா இருக்கா? பெத்த பொண்ணையே எல்லாரோடயும் சேத்து வயல்ல எறக்குன ஆளு. ஒங்க பேச்சுக்குத்தான் இருபது பொம்பளைங்களும் கட்டுப்படுவாங்க."

தலையாட்டிவிட்டேன்.

ஐப்பசி 3, சனி

வெயில். கீற்று வாங்கவில்லை.

மூன்றாம் வகுப்போடு நின்றவள் நான், எழுத்து கோணல். இது செல்வியின் பழைய நோட்டு. பின்பக்கம் காலி. வாயால் சொல்ல ஆள் இல்லை, அதனால் இதில்.

நடவுக்கு நான் தலையாள். தலையாள் நிமிராமல் யாரும் நிமிர மாட்டார்கள், கரையேற மாட்டார்கள். பன்னிரண்டு வருஷமாக என் முதுகைப் பார்த்துத்தான் அத்தனை பேரும். செல்வி போன அன்று காலையில் பண்ணைக் காரியக்காரர் தனியாகக் கூப்பிட்டார். (பெயர் எழுதக் கை வரவில்லை. கா. போதும்.) குடிசை போட்டிருக்கும் மனைக்கட்டு அவரவருக்கே சொந்தம் என்று சட்டம் வந்தும், இன்னார் இங்கே குடியிருக்கிறார் என்று பண்ணை யாருக்கும் சீட்டு எழுதித் தரவில்லை.

"மேலத் தாக்கு வயல இன்னிக்கே நட்டு முடி. ஒனக்கு மட்டும் எழுதி வாங்கித் தர்றேன். வெளிய மூச்சு விடாத."

மதியம் மேற்கே கறுத்தது. செல்வி, "அம்மா, இடி கிட்ட வருது. ஏறிடலாமா?"

"இன்னும் ரெண்டு கை நாத்துதான். குனிடி."

குனிந்தாள்.

மின்னல் அவளை எடுத்துக்கொண்டது. பக்கத்தில் நின்ற அஞ்சலைக்குக் கால் இழுத்துக்கொண்டு பத்து நாள் படுக்கை. எல்லோரும் விதி என்றார்கள். நானும் பேசாமல் இருந்தேன்.

ஐப்பசி 5, திங்கள்

புழுக்கம். கா. தானே வாசலுக்கு வந்தார். கையில் சீட்டு.

"அன்னிக்குத் தாக்கு முடியல. இருந்தாலும் பாவம்னு வாங்கியாந்தேன், மாரியாயி. பேச்சுவார்த்தையில கொஞ்சம் பாத்துப் பேசு."

வாங்கிக்கொண்டேன். கை தானாக நீண்டது. இந்தக் கையை என்ன செய்வது.

குடத்தோடு போனால் பின்னால் "ஏறிடலாமா". கஞ்சி வடித்தால் "ஏறிடலாமா". இன்றும் இரண்டு தட்டு எடுத்து வைத்திருக்கிறேன்.

ஐப்பசி 6, செவ்வாய்

மூட்டம். மண்ணெண்ணெய் தீர்ந்தது.

குளத்தடியில் பெண்களை உட்கார வைத்தேன். சீட்டைக் காட்டினேன். எல்லாம் சொன்னேன். பிறகு அஞ்சலை:

"அப்ப என் கால இழுத்தது விதி இல்ல, இந்தக் காயிதமா?"

"ஆமா."

"செல்விக்குத் தெரியுமா?"

"தெரியாது."

ராசாத்தி அக்கா எனக்காகப் பேசினாள். "பெத்தவளப் போட்டு ஏன்டி அறுக்குறீங்க? அவளே பொண்ணப் பறிகொடுத்துட்டு நிக்கிறா."

"பெத்தவளப் பத்தி யாரு பேசுனா? தலையாளப் பத்திப் பேசறோம்" என்றாள் அஞ்சலை. சீட்டைப் பிடுங்கி இடுப்பில் செருகினாள். "ஒருத்திக்கு எழுத முடிஞ்சா இருபது பேருக்கும் எழுத முடியும். இது எங்கிட்ட இருக்கட்டும்."

ஒவ்வொருத்தியாக எழுந்து போனார்கள். ராசாத்தி அக்கா கடைசி. அவளும் திரும்பிப் பார்க்கவில்லை.

ஐப்பசி 8, வியாழன்

நேற்று எழுதவில்லை. யாரும் வரவில்லை, நெருப்புக் கேட்டுக்கூட. பேச்சுவார்த்தைக்கு அஞ்சலை போனாளாம். சீட்டைத் தூக்கிக் காட்டினாளாம். கா. முகம் செத்துப்போச்சாம். சங்கத்து அண்ணன் ரோட்டில் நின்றே சொல்லிவிட்டுப் போனார், உள்ளே வரவில்லை. மற்றவர்களுக்கு மனைக்கட்டுச் சீட்டு பற்றிப் பண்ணை இன்னும் பதில் சொல்லவில்லை. ஆனால் இடி கேட்டால் யாரையும் கேட்காமல் கரையேறலாம் என்று பண்ணை ஒத்துக்கொண்டதாம். இருபத்தேழு நாள் முன்னால் ஒத்துக்கொண்டிருக்கலாம். நானே சொல்லியிருக்கலாம்.

இன்று காலை வாசலில் அஞ்சலை. உட்காரவில்லை.

"நாத்துக்கட்டு வயல்ல எறங்கிடுச்சு. வா."

"நானா? தலையாளு..."

"தலையாளு நானு. செல்வி நின்ன எடம் காலியா கெடக்கு. ஒருத்தியும் அங்க நிக்க மாட்டேங்கறா. நீ நில்லு."

நின்றேன். மதியம் வரை யாரும் என்னோடு பேசவில்லை. வானம் வெளுப்புத்தான். அஞ்சலை இரண்டு தரம் மேற்கே பார்த்தாள். நான் ஒவ்வொரு பிடி நாற்றுக்கும்.