மூன்றாம் படிக்குக் கீழே

செப். 27, சனி

வெயில். மாலையில் மழை வருவதுபோல் ஒரு பாவனை, வரவில்லை. புரட்டாசிச் சனி, அதனால் சாம்பார்.

காலாண்டு லீவு ஆரம்பம். தங்கை சுந்தரி சங்கரன்கோவிலிலிருந்து பாப்பாவோடு வந்துவிட்டாள். குடும்பமாகச் சேர்ந்து செய்ய வேண்டியவை, நான் போட்ட பட்டியல்:

1. கழுகுமலை ஏறுவது. (எனக்கு முட்டி வலி. பாதி வரை.)
2. வீட்டிலேயே கடலைமிட்டாய். (போன வருடம் செய்தது இப்போதும் கதவுக்கு முட்டுக்கொடுக்கிறது.)
3. கொலுப்படிக்கு முன்னால் மண் கொட்டி ஒரு பார்க்.
4. எல்லாருடைய போனும் பீரோவில். என் போன் தவிர.

1, 3 முடிந்தன. மலை இறங்கி, இவருடைய தம்பியின் சோளக்காட்டுக்குப் போய், அரை மூட்டை கரிசல் மண், போராக அடுக்கியிருந்த படப்பிலிருந்து ஒரு கட்டு சோளத்தட்டை. என் யோசனைதான். எல்லார் வீட்டுப் பார்க்கிலும் முளைத்த கடுகு. நம் வீட்டில் நம் ஊரே இருக்கட்டும். மகள் யாழினி தீப்பெட்டிகளால் தெரு கட்டினாள். தட்டையில் வேலி, குடிசை. ஓரமாகக் கல் உப்பைக் கொட்டி குளத்தூர் உப்பளம். மீதித் தட்டையைக் கட்டோடு படிக்கு அடியில் செருகி வைத்தேன். அதுவும் என் யோசனைதான்.

எதிர்வீட்டு ஈஸ்வரி: "என்னக்கா, வீட்டுக்குள்ள வெவசாயமா?" பொறாமை. இரண்டு கை சுண்டலை வாங்கிக்கொண்டே பொறாமை.

இந்தக் கொலு என் வேண்டுதல். சுந்தரிக்குப் பதினோரு வருடம் குழந்தை இல்லை. பிறந்தால் மூன்று வருடம் கொலு வைக்கிறேன், விஜயதசமி வரை ஒரு பொம்மையைக்கூட அசைக்க மாட்டேன் என்று அம்மனிடம் சொன்னேன். பின்பாதி அம்மன் கேட்காமலே நானாகச் சேர்த்தது. என் வாய் சும்மா இருக்காது. பாப்பாவுக்கு இப்போது எட்டு மாதம். தவழ ஆரம்பித்து ஒரு வாரம். சீரியல் லைட்டைக் கண்டால் நிற்பதில்லை, நேரே கொலுதான்.

செப். 28, ஞாயிறு

புழுக்கம். கடலைமிட்டாய் ஒத்திவைப்பு, வெல்லம் தீர்ந்தது.

மாலை ஆறு மணி. விளக்கு ஏற்றப் போனேன். வாணலியில் கடுகு பொரிகிற சத்தம். அடுப்பில் ஒன்றுமே இல்லை. குனிந்து பார்த்தேன்.

மூன்றாம் படிக்குக் கீழே, தட்டைக் கட்டின் பக்கத்தில். ஒன்றரைச் சாண் நீளம். மண் நிறம், முதுகில் வெள்ளை நெளிவு. சுருண்டு, உடம்போடு உடம்பை உரசிக்கொண்டிருந்தது. அந்த உரசல்தான் சத்தம். பிறகு துணிக்குள் போய்விட்டது.

சுருட்டை விரியன். சின்ன வயதில் காட்டில் பார்த்திருக்கிறேன். கத்தினேனா? இல்லை. பாப்பா நாலடி தள்ளித் தவழ்ந்துகொண்டிருந்தது. அள்ளிக் கட்டிலில் போட்டேன்.

இவரைச் சமையலறைக்கு இழுத்துப்போய்ச் சொன்னேன்.

"பாம்பா? போன மாசம் பாத்ரூம்ல நல்ல பாம்புன்னியே, அதுக்குத் தம்பியா இது?"

அது இவரைக் குளியலறையிலிருந்து சீக்கிரம் வெளியே வரவைக்கச் சொன்ன பொய்.

"சத்தியமாச் சொல்லுதேன்."

"துணுக்கா எழுதிப் பத்திரிகைக்கு அனுப்பு. போடுவான்."

இருபது வருடம் துணுக்கு எழுதியதற்குக் கிடைத்த மரியாதை. டார்ச் எடுத்து வந்து பார்த்தார், நின்றபடியே. ஒன்றும் இல்லையாம்.

வேறு யாரிடம் சொல்வது?

சுந்தரி: பல்லிக்கே பக்கத்து வீட்டுக்கு ஓடுகிறவள்.
ஈஸ்வரி: பாலும் முட்டையுமாக வந்து நிற்பாள். அம்மனே வந்திருக்கா என்று தெருவைக் கூட்டிவிடுவாள். பிடிக்க விடமாட்டார்கள்.
அம்மன்: ஏற்கெனவே தெரிந்திருக்கும்.

கொலுவைக் கலைக்கவும் பயம். பாப்பாவுக்காக வேண்டியது, வாக்குத் தவறி, பாப்பாவுக்கு ஏதாவது ஆகிவிட்டால்? கலைக்காமல் இருந்து, ஏதாவது ஆகிவிட்டால்?

செப். 29, திங்கள்

தூக்கம் இல்லை. பகலிலும் தரையில் கால் வைக்க மனமில்லை. துடைப்பக்குச்சியைப் பார்த்து ஒருமுறை குதித்தேன். முட்டி வலி எங்கே போனது என்று தெரியவில்லை.

கட்டிலைச் சுற்றிப் பூண்டுத் தண்ணீர் தெளித்தேன். பாம்பு போனதா தெரியாது. நாற்றம் தாங்காமல் இவர் கடைக்குப் போய்விட்டார்.

பாப்பாவை இறக்கிவிடவே இல்லை. இடுப்பு, மடி, கட்டில், மறுபடி இடுப்பு.

"ஏன்க்கா, புள்ளயத் தவழவே விடமாட்டேங்குத?"

பாசம் என்றேன்.

மதியம் ஒரு வழி தோன்றியது. சுந்தரியை ஊருக்கு அனுப்பிவிட்டால்?

"ஏட்டி, மோட்டார் ரிப்பேரு. தண்ணி ஏறல. பச்சப்புள்ளய வச்சிக்கிட்டு நீ எதுக்கு இங்கன கெடந்து கஷ்டப்படுத? ஊருக்குப் போயிட்டு தீவாளிக்கு வாயேன்."

நான் சொல்லி முடிக்கவும், மாடியில் தொட்டி நிரம்பித் தண்ணீர் கொட்டவும் சரியாக இருந்தது. சுந்தரி அந்தச் சத்தத்தைக் கேட்டாள். என்னைப் பார்த்தாள்.

"புள்ள இல்லாதப்பம் வாட்டி, வாட்டின்னு கூப்பிட்ட. இப்பம் நாங்க பாரமாயிட்டோம், என்ன?"

பாப்பா துணியையெல்லாம் பையில் திணித்து, சுவரோரம் வைத்தாள். காலையில் முதல் பஸ்ஸாம். பிறகு கொலுவுக்கு முன்னால் உட்கார்ந்து அழுதாள். அங்கேதானா உட்கார வேண்டும்?

"எந்திரிட்டி. கட்டில்ல உக்காந்து அழு."

அதற்கும் சேர்த்து அழுதாள்.

சாயங்காலம் கொலு பார்க்க வந்தவர்கள் ஒன்பது பேர். எல்லாரையும் கட்டிலில் ஏற்றி உட்காரவைத்துச் சுண்டல் கொடுத்தேன். ஈஸ்வரி ஒரு மாதிரி பார்த்தாள். எனக்குப் புத்தி பேதலித்ததாக இந்நேரம் தெரு முழுக்கத் தெரிந்திருக்கும். தெரியட்டும்.

செப். 30, செவ்வாய் (எங்கள் வீட்டில் மட்டும் விஜயதசமி)

மேகமூட்டம். காற்று இல்லை.

சுந்தரி பாப்பாவை இடுப்பில் வைத்து, செருப்பை மாட்டிவிட்டாள். குங்குமம்கூட எடுக்கவில்லை. என் முகத்தைப் பார்க்காமல், "வாரேன்" என்றாள். தாங்கவில்லை. சுருட்டை, மூன்றாம் படி, வேண்டுதல், எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்.

அலறுவாள் என்று நினைத்தேன். பாப்பாவை யாழினியிடம் கொடுத்து ஈஸ்வரி வீட்டுக்கு அனுப்பினாள்.

"எனக்காக வேண்டுனதுதான? அம்மனுக்குக் கோவம்னா எங்கிட்ட வரட்டும். கலைச்சிரு."

"விஜயதசமி வரைக்கும்னு வாக்கு குடுத்துட்டேன்ட்டி."

"அப்பம் இன்னைக்கே விஜயதசமி."

தினசரி காலண்டரில் செவ்வாயையும் புதனையும் கிழித்தேன். வியாழன் வந்தது, விஜயதசமி என்று சிவப்பு எழுத்தில். ஆரத்தி எடுத்து, கொலு முடிந்ததற்கு அடையாளமாக மரப்பாச்சியைப் படுக்கவைத்தோம். "தாயே, ரெண்டே ரெண்டு நாள்தான், கண்டுக்கிடாத." கடைசியில் பேரம் பேசியே விட்டேன்.

இவர் நம்பவில்லை. ஆனாலும் தீயணைப்பு நிலையத்தில் விசாரித்து, பாம்பு பிடிக்கிற ஒருவரை வரவழைத்தார். ஐம்பது வயது. கையில் கொக்கிக் கம்பு. அதிகம் பேசாதவர்.

"தரையில கெடக்க எதையும் யாரும் தொடக் கூடாது."

நான் ஸ்டூலில் நின்று பொம்மைகளை எடுத்துக் கொடுக்க, சுந்தரி வாங்கிக் கட்டிலில் அடுக்கினாள். அவர் துணியை உருவினார். பலகைகள், டிரங்குப் பெட்டிகள், தட்டைக் கட்டு. ஒவ்வொரு தட்டையாக உதறினார். மண்ணைக் கிளறினார். உப்பளம் சிதறியது.

ஒன்றும் இல்லை.

இவர் சிரித்திருந்தால்கூடப் பரவாயில்லை. "மன்னிச்சிக்கிடுங்க அண்ணாச்சி. இவ கொஞ்சம் கதை கட்டுவா." சுந்தரி என்னையே பார்த்தாள். நான் பார்த்தேனா? சத்தம் கேட்டேனா? எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. ஒரு துணுக்குக்காக அம்மனுக்குக் கொடுத்த வாக்கை முறித்துவிட்டேனோ?

சுந்தரி பையை எடுக்கக் குனிந்தாள்.

"தொடாதீங்கம்மா. அதையும் பாத்துருதேன்."

"அது புள்ளத் துணி. நேத்துதான் அடுக்குனேன்."

"ஜிப்பு தொறந்துல்லா கெடக்கு."

கம்பால் பையை முற்றத்துக்கு இழுத்துப்போய்க் கவிழ்த்தார். துவாலை, ஸ்வெட்டர், தொட்டில் சேலை. சேலையின் மடிப்புக்குள்ளிருந்து அந்தச் சத்தம்.

பிடித்தார். ஒரு பாட்டிலுக்குள் விட்டு மூடினார். போய்விட்டார். இவர் வாசல்படியில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவே இல்லை. சுந்தரி என் கையைப் பிடித்திருக்கிறாள். இடது கை, அதனால் எழுத முடிகிறது.

முதல் பஸ்ஸில் ஏற்றிவிடப் பார்த்தேன். பொய் சொல்லி. அந்தப் பையோடு. சங்கரன்கோவில் போக ஒன்றரை மணி நேரம். வரும்போது பாப்பா அந்தப் பையில் தலைவைத்துத்தான் வழியெல்லாம் தூங்கிக்கொண்டு வந்ததாம்.